தாத்தா கேமராவுக்கு மறுபிறவி உண்டா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை துழாவிப் பாருங்கள். பழைய பிஸ்கட் டின், கல்யாணப் பத்திரிகைக் கட்டு, காலாவதியான கடப்பிதழ், இவற்றுக்கு நடுவில் தோலுறை போட்ட ஒரு கேமரா படுத்திருக்கும். அப்பாவோ தாத்தாவோ இரண்டு மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. மகள் பிறந்தது, தைப்பூசக் காவடி, ஊரிலிருந்து பாட்டி வந்திறங்கியது எல்லாம் அதன் கண் வழியாகப் போய்த்தான் ஆல்பத்தில் ஏறின. இன்று அதற்கு வேலை இல்லை. வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளைகூடக் கைப்பேசியில் படம் எடுக்கிறது.

அந்தக் கேமராவைத் தூக்கிப் போடவும் மனம் வராது. அப்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது. படச்சுருள் இருக்கும் இடத்தில் ஒரு மின்னிலக்கத் தகட்டை வைத்துவிட்டால் போதாதா? லென்ஸ் நன்றாக இருக்கிறது, ஷட்டர் வேலை செய்கிறது, பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வருகிறது. சுருளை மட்டும் மாற்ற முடியாதா?

கேட்பதற்கு எளிமையான கேள்வி. உலகின் பெரிய நிறுவனங்கள் சிலவற்றைத் திணற அடித்த கேள்வியும் இதுதான். சிங்கப்பூருக்கு இதில் தனி உறவும் உண்டு. ஒரு காலத்தில் உலகத்துக்கே கேமரா செய்து அனுப்பிய ஊர் இது.

சிங்கப்பூரில் பிறந்த கேமரா

பழைய பொருட்களைப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்குச் சுங்கை ரோடு சந்தை நினைவிருக்கும். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம். திருடர் சந்தை என்று பேர் வாங்கிய அந்த இடம் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இன்று பழைய கேமராவைத் தேடுகிறவர்கள் கோல்மன் ஸ்திரீட்டில் பெனின்சுலா கட்டடங்களில் உள்ள கடைகளுக்குப் போகிறார்கள். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கேமராவைப் பார்க்கலாம். அதன் உடலில் 'மேட் பை ரோலை சிங்கப்பூர்' என்று பொறித்திருக்கும்.

ரோலை என்பது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1920ல் தொடங்கிய நிறுவனம். ஜெர்மனியில் கூலி ஏறிவிட்டது. ஜப்பானியக் கேமராக்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. குறைந்த செலவில் தயாரிக்க இடம் தேடிய ரோலை, 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது. வேலை தெரிந்தவர்கள் போதவில்லை. எனவே பொருளியல் வளர்ச்சிக் கழகம் பயிற்சி நிலையங்களை அமைத்தது. 1972ல் இந்தியாவின் டாட்டாவோடு சேர்ந்து ஒன்று; 1973ல் ரோலையோடு சேர்ந்து மற்றொன்று. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளந்து வேலை பார்க்கும் கைப்பழக்கம் இந்த ஊர் இளைஞர்களுக்கு அப்படித்தான் வந்தது.

இங்கே தயாரானவற்றில் பேர்போனது ரோலை 35. ஹைன்ஸ் வாஸ்கே என்ற பொறியாளர் வடிவமைத்து 1966ல் ஜெர்மனியில் வெளியானது; பிறகு தயாரிப்பு சிங்கப்பூருக்கு மாறியது. அகலம் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பெரிய கேமராக்களுக்குப் போடும் அதே 35 மி.மீ. சுருள்தான் இதற்கும். லென்ஸை வெளியே இழுத்துத் திருகிப் படமெடுக்க வேண்டும், முடிந்ததும் உள்ளே தள்ளிவிட வேண்டும். இந்த வரிசையில் எல்லா மாடல்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 லட்சம் கேமராக்கள் விற்றதாகக் கணக்கு.

1981ல் ரோலை நொடித்துப்போனது. சிங்கப்பூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அங்கே இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த பலர் இன்று எழுபதை எட்டிவிட்டார்கள். அவர்கள் கையால் பூட்டிய ஷட்டர் இன்னும் ஓடுகிறது. ஆகவே, கேமராவை மின்னிலக்கமாக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தச் சிங்கப்பூர்க் கேமராவையே எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்பது பொருத்தம்.

சுருள் இருந்த இடத்தில் என்ன சிக்கல்?

35 மி.மீ. சுருளில் ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். சுருள் மெல்லியது. கேமராவின் பின்கதவுக்கும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் தாள் போல வழுக்கிக்கொண்டு போகும். லென்ஸ் தரும் பிம்பம் அந்தத் தளத்தில்தான் கூர்மையாக விழும். அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் படம் மங்கிவிடும்.

மின்னிலக்க ஒளி உணரி அப்படி மெல்லியதன்று. அதன் முகத்தில் பாதுகாப்புக் கண்ணாடியும் வடிகட்டியும் இருக்கும். அவற்றைச் சேர்த்தால் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வரும். உணரியின் பரப்பு சுருள் தளத்தில் சரியாக உட்கார வேண்டுமானால், அந்தக் கண்ணாடி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலான பழைய கேமராக்களில் ஷட்டர் திரை அங்கேதான், சுருளுக்குச் சற்று முன்னால் ஓடுகிறது. கண்ணாடி திரையில் இடிக்கும். போதாக்குறைக்கு உணரியைச் சுற்றிச் சட்டம் இருக்கிறது. சட்டத்தோடு சேர்த்தால் அது 36க்கு 24 திறப்புக்குள் நுழையாது. அதனால்தான் இத்தகைய முயற்சிகள் எல்லாம் சின்ன உணரியில் போய் முடிகின்றன.

சின்ன உணரி வைத்தால் என்ன கெட்டுப்போயிற்று? லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதி மட்டும்தான் படத்தில் வரும். ரோலை 35ன் லென்ஸ் 40 மி.மீ. குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்து எடுக்கத் தோதான பார்வை. அதன் பின்னால், கணினி ஆர்வலர்கள் பயன்படுத்தும் ராஸ்பெரி பை 12 மெகாபிக்சல் உணரியை வைத்தால், அதன் மூலைவிட்டம் 7.9 மி.மீ.தான். கணக்குப் போட்டால் 40 மி.மீ. லென்ஸ் 220 மி.மீ. தொலைநோக்கி லென்ஸ் போலாகிவிடும். குடும்பப் படத்தில் தாத்தாவின் மூக்குக் கண்ணாடி மட்டும் விழும்.

இரண்டாவது சிக்கல், தகவல் பரிமாற்றம். சுருள் இருட்டில் சும்மா காத்திருக்கும். வெளிச்சம் பட்டால் பதிந்துகொள்ளும். உணரிக்கு மின்சாரம் வேண்டும். ஷட்டர் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். பழைய கேமரா முழுக்க முழுக்க இயந்திரம். அதில் சொல்வதற்கு வாயே இல்லை. ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் ஒரு மின்தொடுப்பு உண்டு. அது ஷட்டர் திறந்த பிறகுதான் குரல் கொடுக்கும். ஆகவே உணரி முன்கூட்டியே விழித்திருந்து இருட்டில் காத்துக்கிடக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கையில் மின்கலம் தீரும், சூடேறும். சூடான உணரியில் வெளிச்சமே படாவிட்டாலும் புள்ளி புள்ளியாக இரைச்சல் சேரும். ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் ஏறினாலே அந்த இரைச்சல் இரட்டிப்பாகும். சிங்கப்பூர் வெயிலைக் கேட்கவா வேண்டும்?

ரோலை 35க்கு இதில் ஒரு சாதகம் உண்டு. அதன் ஷட்டர் சுருளுக்கு முன்னால் ஓடும் திரை இல்லை. லென்ஸோடு சேர்ந்த இதழ் ஷட்டர். எனவே திரையில் இடிக்கும் பயம் இல்லை. பின்கதவும் அடித்தட்டும் ஒன்றாகக் கழன்று வந்துவிடும். அந்த இடத்தில் புதிய முதுகு செய்து பொருத்தலாம். ஃபிளாஷ் தொடுப்பும் அடியிலேயே இருக்கிறது. ஆனால், இழுத்த லென்ஸைத் திரும்ப உள்ளே தள்ளும்போது அதன் குழாய் சுருளை நெருங்கி உட்காரும். முன்னால் நீட்டிய உணரிக் கண்ணாடி அங்கே குறுக்கே நிற்கும். லென்ஸை உள்ளே தள்ளாமல் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், சட்டைப்பைக் கேமரா என்ற பெருமை போய்விடும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தைக்கிற கதைதான்.

முயன்றவர்களும் முட்டிக்கொண்டவர்களும்

சிங்கப்பூரில் ரோலை 35 மும்முரமாகத் தயாராகிக்கொண்டிருந்த அதே 1975ல், அமெரிக்காவில் கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் மின்னிலக்கக் கேமராவைச் செய்துகாட்டினார். பத்தாயிரம் புள்ளிகள், ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள். இங்கே தொழிற்சாலையில் கேமரா பூட்டியவர்களுக்கு அந்தச் செய்தி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1991ல் கோடக் விற்ற முதல் தொழில்முறை மின்னிலக்கக் கேமரா, நேயர்கள் கேட்கும் மாற்றமேதான். நிக்கான் எஃப் 3 சுருள் கேமராவை எடுத்து அதன் முதுகில் உணரியைப் பொருத்தினார்கள். 1.3 மெகாபிக்சல். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகச் சுமக்க வேண்டும். விலை ஏறத்தாழ 20,000 அமெரிக்க டாலர். செய்தி நிறுவனங்கள் வாங்கின. வீட்டுக்காரர்கள் எட்டிநின்று பார்த்தார்கள்.

1998ல் ஓர் அமெரிக்க நிறுவனம் பெரிய ஆசை காட்டியது. சிலிக்கான் ஃபிலிம் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தத் திட்டத்தில், சுருள் டப்பா வடிவத்திலேயே ஒரு மின்னிலக்கச் செருகி வரும். கேமராவைத் திறந்து, சுருள் போடுவதுபோலப் போட்டு மூடிவிடலாம். 1.3 மெகாபிக்சல், 24 படங்கள். அதுவும் குறிப்பிட்ட சில நிக்கான், கேனன் மாடல்களுக்கு மட்டும். கண்காட்சிகளில் காட்டினார்கள். கடைக்கு வரவில்லை. 2001 செப்டம்பரில் நிறுவனம் வேலையை நிறுத்தியது. அதற்குள் முழு மின்னிலக்கக் கேமராக்களின் விலை இறங்கத் தொடங்கிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான் நடந்தது.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. லைக்கா நிறுவனம் தன் ஆர்8, ஆர்9 சுருள் கேமராக்களுக்கு 10 மெகாபிக்சல் மின்னிலக்க முதுகு ஒன்றை 2005ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேண்டுமென்றால் சுருள், வேண்டாமென்றால் மின்னிலக்கம். கேமராவைச் செய்த கையே முதுகையும் செய்ததால் பொருந்தியது. இருந்தும் 2007ல் அதை நிறுத்திவிட்டார்கள். ஹாசல்பிளாட் நிறுவனத்தின் சதுரக் கேமராக்களுக்கு இன்னும் வசதி. 1957 முதல் வந்த அந்த வரிசையில் சுருள்பெட்டி தனியாகக் கழன்று வரும். அந்த இடத்தில் மின்னிலக்கப் பெட்டியை மாட்டிவிடலாம். 2024ல் வந்த புதிய பெட்டி 100 மெகாபிக்சல் தருகிறது. ஆனால் அதன் உணரியும் பழைய சுருள் படத்தின் பரப்பில் பாதிக்கும் குறைவுதான். விலையோ பல ஆயிரம் வெள்ளி.

2011 ஏப்ரல் 1ஆம் தேதி, எல்லாப் பழைய கேமராவுக்கும் பொருந்தும் மின்னிலக்கச் சுருள் வந்துவிட்டது என்று இணையத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அழகான படங்கள், அருமையான விளக்கம். உலகமெங்கும் ஆர்வலர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் குவிந்துவிட்டார்கள். தேதியைக் கவனித்தவர்கள் மட்டும் சிரித்தார்கள். அது ஒரு ஜெர்மன் வடிவமைப்பு நிறுவனத்தின் முட்டாள்கள் தின விளையாட்டு. அத்தனை பேர் நம்பினார்கள் என்றால், அந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

அந்த ஆசைக்கு இன்று ஓரளவு தீனி போடுவது 'ஐம் பேக்' என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம். 2023ல் இணையம் வழி நிதி திரட்டிய அதன் திட்டத்தில், 20 மெகாபிக்சல் உணரி சுருள் இருக்கும் இடத்தில் உட்காருகிறது. மின்கலமும் மற்றவையும் கேமராவின் அடியில் தனிப்பெட்டியாகத் தொங்குகின்றன. உணரி முழு அளவன்று. நீள அகலத்தில் சுருள் படத்தில் ஏறக்குறைய பாதி. 40 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போலப் பார்க்கும். கையில் காசும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது ஒரு வழி. இதில் ஒன்றை மறக்கக்கூடாது. நிதி திரட்டும் தளத்தில் செலுத்தும் பணம், கடையில் பொருள் வாங்கியதற்குச் சமமாகாது. பொருள் வரலாம், தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். தங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் உறுதி பெறாமல் யாரும் பணம் கட்டக்கூடாது.

அறுக்கலாமா, கூடாதா?

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு மின்னிலக்கக் கேமராவை உடைத்து, அதன் உள்ளுறுப்புகளைப் பழைய கேமராவுக்குள் திணிப்பது. கைத்திறன் உள்ள ஆர்வலர்கள் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஆனால் தண்டவாளத்தை அரத்தால் ராவ வேண்டும், உள்சுவரை வெட்ட வேண்டும். ஒருமுறை வெட்டினால் அந்தக் கேமராவில் மறுபடி சுருள் போட முடியாது. ஏற்கெனவே ஷட்டர் செத்துப்போன, உதிரிபாகம் கிடைக்காத கேமரா என்றால் செய்து பார்க்கலாம். நன்றாக ஓடுகிற கேமராவை, அதுவும் சிங்கப்பூர்ப் பெயர் பொறித்ததை, அறுப்பது நியாயமில்லை. அவை இனிமேல் பிறக்கப்போவதில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? மூன்று வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன.

ஒன்று, லென்ஸ் கழற்றக்கூடிய கேமராவாக இருந்தால், உடலை விட்டுவிட்டு லென்ஸை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பழைய நிக்கான் லென்ஸ் சுருள் தளத்திலிருந்து 46.5 மி.மீ. தள்ளி உட்காரும். கண்ணாடிப் பெட்டகம் இல்லாத இன்றைய சோனி கேமராவில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான். மிச்சமுள்ள 28.5 மி.மீ. இடைவெளியை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பினால் லென்ஸ் பொருந்திவிடும். கண்ணாடி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். முழு அளவு உணரி உள்ள உடலாக இருந்தால் பார்வைக் கோணமும் மாறாது. தாத்தாவின் லென்ஸ் பேரனின் கேமராவில் வேலை செய்யும். ரோலை 35ன் லென்ஸ் கழலாது என்பதால் அதற்கு இந்த வழி அடைப்பு.

இரண்டு, கேமராவை அப்படியே விட்டு, சுருளையே போட்டுப் படமெடுத்து, கழுவிய நெகட்டிவை மின்னிலக்கமாக்குவது. 36க்கு 24 மி.மீ. சட்டத்தை ஓர் அங்குலத்துக்கு 4,000 புள்ளிகள் என்று வருடினால் ஏறத்தாழ 21 மெகாபிக்சல் படம் கிடைக்கும். மேலே சொன்ன செருகிகள் எதற்கும் குறைந்ததில்லை. சுருள் அழிந்துவிடவும் இல்லை. கோடக் நிறுத்தியிருந்த எக்டாக்ரோம் சுருள் 2018ல் மீண்டும் வந்தது. 2024ல் பென்டாக்ஸ் புதிய சுருள் கேமரா ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் ரோலை 35ன் பெயரிலேயே ஹாங்காங் நிறுவனம் ஒன்று தானியங்கிக் குவியம் கொண்ட புதிய கேமராவை அறிமுகப்படுத்தியது. அதுவும் சுருள் கேமராதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய ரோலையில் வெளிச்சம் அளக்கும் கருவிக்கு 1.35 வோல்ட் பாதரச மின்கலம் வேண்டும். அது இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 1.5 வோல்ட் மின்கலம் போட்டால் அளவு சற்றுப் பிசகும். கைப்பேசிச் செயலியில் வெளிச்சத்தை அளந்துகொண்டால் தீர்ந்தது.

மூன்று, தோற்றம்தான் ஆசை என்றால், பழைய கேமரா போலவே செய்த மின்னிலக்கக் கேமராக்கள் வந்துவிட்டன. 2011ல் ஃபுஜிஃபிலிம் தொடங்கிவைத்தது, 2023ல் நிக்கானும் அந்தப் பாணியில் ஒன்று கொண்டுவந்தது. பழைய மொந்தையில் புதிய கள்.

காத்திருக்கக் கூடியதும் கூடாததும்

நேயர்களே, கேமரா உலோகம். உலர் பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை ஷட்டரை ஓட்டி வந்தால் இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருக்கும். நல்ல உணரி மலிவாக வரும்வரை அது பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதவை அதன் பக்கத்தில் பிஸ்கட் டின்னில் கிடக்கும் நெகட்டிவ்கள்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கிறது. சுருளுக்குக் கேட்க வேண்டுமா? அசிட்டேட் வகைச் சுருள் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதையத் தொடங்கினால் புளிக்காடி வாடை அடிக்கும். டின்னைத் திறந்ததும் அந்த வாடை வந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட சுருளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும், மற்றவற்றுக்கும் அது பரவும். எழுபதுகளின் வண்ண நெகட்டிவ்களில் நிறம் வெளிறிப்போகும். பசை தடவிய ஆல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்த்தால் முகம் கிழிந்து வரும்.

ஆகவே மின்னிலக்க வேலையை நெகட்டிவிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். ஒரு வெளிச்சப் பலகை, நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ் பொருத்திய மின்னிலக்கக் கேமரா, ஒரு தாங்கி, இவை போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு சுருள் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வருடத்தில் நூறு சுருள் முடியும். படத்தை எடுத்தால் மட்டும் போதாது. இது யார், எந்த ஆண்டு, எந்த வீடு என்று எழுதி வைக்க வேண்டும். பெயர் தெரியாத முகத்தை எத்தனை மெகாபிக்சலில் எடுத்தாலும் அது அந்நியர் முகம்தான். பெயர் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுத வேண்டும்.

ரோலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் எவரேனும் குடும்பத்தில் இருந்தால், அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் அதிகம். எந்தப் பிரிவில் இருந்தார், ஒரு நாளைக்கு எத்தனை பூட்டினார், ஆலை மூடிய அன்று என்ன சொன்னார்கள்? 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவரும் ஏற்பாடு சிங்கப்பூரில் இருக்கிறது. அதற்கும் முன்னால் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவுப் பொத்தான் இருக்கிறது.

தாத்தா கேமராவை மின்னிலக்கமாக்க முடியுமா என்றால், முடியும். செலவு அதிகம், பலன் அரைகுறை. அவர் எடுத்த படங்களை மின்னிலக்கமாக்க முடியுமா என்றால், இந்த வாரமே முடியும். முதலில் டின்னைத் திறங்கள்.